கிலோமீற்றரை விற்கிறார்கள், நாங்களும் வாங்குகிறோம்



பதிவு கொஞ்சம் நீளம். எலக்ட்ரிக் பைக் வாங்க யோசிக்கிற ஆசிரியர்கள், முக்கியமாக டீச்சர்மார், கடைசி வரை வாசியுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் கோபப்படாமல் வாசியுங்கள்.

போன புதன்கிழமை பகல் இரண்டேகால் மணி வெயிலில் எங்கள் பாடசாலை டீச்சர் ஒருவர் நாலு கிலோமீற்றர் பைக் தள்ளினார். பின்னால் ஏறி வந்த மற்ற டீச்சர் பைகள் இரண்டையும் தூக்கிக்கொண்டு நடந்தார். இரண்டு பக்கமும் வயல், நிழலுக்கு ஒரு மரம் இல்லை. பெற்றோல் முடிந்தால் யாராவது போத்தலில் கொண்டுவந்து தருவார்கள். பற்றரி முடிந்தால் எதில் கொண்டு வருவது?

அந்த பைக் வாங்கி ஏழு மாதம். கடையில் ஒட்டிய ஸ்டிக்கர் இன்னும் கிழியவில்லை: "ஒரு சார்ஜில் 100 கி.மீ." வீட்டிலிருந்து பாடசாலை 18 கிலோமீற்றர். போய்வர 36. நூறில் 36ஐக் கழித்தால் மிச்சம் 64. மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் செய்யும் கணக்கு. பைக் நின்றதோ 32இல். மிச்சக் கிலோமீற்றர்கள் எங்கே போயின?

எங்கும் போகவில்லை. அவை ஒருநாளும் அந்தப் பற்றரிக்குள் இருக்கவில்லை.

எங்கள் ஓய்வறையில் ஐந்து பேரிடம் எலக்ட்ரிக் பைக் இருக்கிறது. ஏன் வாங்கினோம் என்று புதிதாகச் சொல்லத் தேவையில்லை. 2022ஐ யார் மறப்பது? பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனது. பிறகு கியூஆர் வந்தது, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். ஷெட் வரிசையில் இரவு படுத்து, விடியச் சுபஹைத் தொழுதுவிட்டுப் பாடசாலைக்கு ஓடியவர்கள் நாங்கள். ஏழரைக்குப் போடும் சிவப்புக் கோட்டுக்கு வரிசையும் தெரியாது, கியூஆரும் தெரியாது. இனி இந்த எண்ணெயை நம்பக்கூடாது என்று அன்றைக்கே முடிவெடுத்தோம். ஒருவர் இடர்கடன் எடுத்தார், ஒருவர் லீசிங் போட்டார், இரண்டு டீச்சர்மார் நகையை அடகு வைத்தார்கள். முடிவு பிழையில்லை. கடைக்குப் போய் நாங்கள் கேட்ட கேள்விதான் பிழை.

"எத்தனை கிலோமீற்றர் ஓடும் தம்பி?"

"நூறு ஓடும் சேர். மெதுவா ஓடினா நூத்தி இருபதும் ஓடும்."

"சிவப்புக் கலர் இரிக்கா?"

இவ்வளவுதான். லட்சக்கணக்கில் காசு கைமாறியது. இதில் வெட்கம் என்னவென்றால், அந்த ஐந்து பேரில் இருவர் விஞ்ஞான ஆசிரியர்கள். வலு சமன் வோல்ற்றளவு தர மின்னோட்டம் என்று சாதாரண தரப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறவர்கள். பிள்ளை அலகு எழுத மறந்தால் அரைப்புள்ளி வெட்டுகிறோம். கடைக்காரர் அலகே இல்லாத கணக்கைச் சொன்னபோது தலையாட்டிவிட்டு வந்தோம்.

பற்றரிக்குள் கிலோமீற்றர் இல்லை, வாற்று மணிதான் இருக்கிறது. வோல்ற்றை அம்பியர் மணியால் பெருக்குங்கள். அந்த டீச்சரின் பைக் 72 வோல்ற்று, 20 அம்பியர் மணி. பெருக்கினால் 1440 வாற்று மணி. அதில் 100 கிலோமீற்றர் ஓட வேண்டுமானால் ஒரு கிலோமீற்றருக்கு 14.4 வாற்று மணிக்கு மேல் செலவாகக் கூடாது. ஒல்லியான ஒருவர், மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில், காற்றில்லாத மட்டமான வீதியில், எங்கும் நிறுத்தாமல் போனால் அது நடக்கலாம். அப்படி வேலைக்குப் போகும் ஆசிரியர் யாராவது இருந்தால் கைதூக்குங்கள்.

நாங்கள் சுவரில் செருகும் சின்ன மீற்றர் ஒன்று வாங்கி அளந்து பார்த்தோம். தனியாக 40 வேகத்தில் போனால் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 28 வாற்று மணி. இரண்டு பேர், புத்தகப் பை, சாப்பாட்டுப் பெட்டி, 45 வேகம் என்றால் 35. முதல் ஆறு மாதம் அந்த டீச்சர் தனியாகப் போனார், கடைசிக் கட்டை மினுங்க மினுங்க வீடு வந்து சேர்ந்தார். இந்தத் தவணை பக்கத்து வளவு டீச்சரும் ஏறினார். பற்றரியும் கொஞ்சம் தேய்ந்திருந்தது. 32 தர 35, 1120. அந்தப் பற்றரி தரக்கூடியது அவ்வளவுதான். பைக் பொய் சொல்லவில்லை. ஸ்டிக்கர்தான் சொன்னது.

"எங்கட பக்கம் மலையே இல்லையே, ஏன் இவ்வளவு செலவு?" என்று கேட்பீர்கள். மலை இல்லை, கச்சான் இருக்கிறது. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 40இல் போகும் பைக்கை 55க்கு முறுக்கினால் வேகம் கூடுவது மூன்றிலொரு பங்குக்குச் சற்று அதிகம், காற்றுத் தடையோ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கச்சான் மணிக்கு 15 கிலோமீற்றரில் முகத்தில் அடித்தால், நீங்கள் 40இல் போனாலும் 55இல் போகிற காற்றுத் தடைதான். கடலோரத்திலிருந்து மேற்கே வயற்பக்கப் பாடசாலைக்குப் போகிறவர்களுக்கு இது தெரியும். திரும்பும்போது முதுகில் தள்ளும் காற்று, போகும்போது இழந்ததை முழுதாகத் திருப்பித் தராது. வாடைக் காலத்தில் இதே கதை தலைகீழாக.

அடுத்தது பற்றரியின் இனம். கடைகளில் "ஜெல்" என்கிறார்கள், "கிரபீன்" என்கிறார்கள். புதுமையான பேர் கேட்டதும் நாங்களும் மயங்கினோம். இந்தப் பைக்குகளில் கிரபீன் என்று விற்கப்படுபவை பெரும்பாலும் ஈய அமிலப் பற்றரிதான், அதில் கொஞ்சம் கரிச் சேர்க்கை. ஒரு கட்டையைத் தூக்கிப் பாருங்கள். 12 வோல்ற்று, 20 அம்பியர் மணிக் கட்டை ஆறேழு கிலோ இருக்கும். ஆறு கட்டை என்றால் 40 கிலோ. ஒரு அரிசி மூட்டையை ஏற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே சக்தியுள்ள லித்தியம் பற்றரி அதில் மூன்றிலொரு பங்கு பாரம்தான். ஈய அமிலத்தில் இன்னொரு குறையும் உண்டு. வேகமாக இழுத்தால் எழுதியிருக்கும் 20 அம்பியர் மணியையும் முழுதாகத் தராது.

ஆயுளைப் பாருங்கள். ஈய அமிலம் ஆழமாக இறக்கி ஏற்றினால் 300, 400 தடவையில் களைத்துவிடும். வருடத்துக்கு ஏறத்தாழ 200 பாடசாலை நாள். இரண்டு வருடம் தாண்டுவது கஷ்டம். லீசிங் முடிய முதல் பற்றரி முடியும். நல்ல லித்தியம் இரும்பு பொஸ்பேற்றுப் பற்றரி, கடைப் பேச்சில் எல்.எஃப்.பி., 1500 தடவைக்கு மேல் தாங்கும். வாங்கும் அன்று விலை கூடத்தான். இரண்டாவது செட் வாங்கும் காசையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள், பிறகு எது மலிவு என்று சொல்லுங்கள்.

அப்படியானால் எதை வாங்குவது? கடைக்குப் போக முதல் வீட்டில் உட்கார்ந்து மூன்று வரி எழுதுங்கள்.

ஒன்று, ஒரு நாள் ஓட்டம். பாடசாலைக்குப் போய்வர 36, பின்னேர வகுப்பு, கடை, பள்ளி எல்லாம் சேர்த்து இன்னும் 6. மொத்தம் 42.

இரண்டு, செலவு. இருவர் போவதென்றால் 35ஆல் பெருக்குங்கள். 1470 வாற்று மணி.

மூன்று, பற்றரி கிழடாகும் நாள். மூன்று நாலு வருடத்தில் ஐந்திலொரு பங்கு தேய்ந்திருக்கும் என்று வையுங்கள். அடி வரை வழித்து ஓடக்கூடாது, இன்னொரு ஐந்திலொரு பங்கை மிச்சம் வையுங்கள். 1470ஐ 0.8ஆல் இரண்டு தரம் வகுத்தால் ஏறத்தாழ 2300. 72 வோல்ற்று, 32 அம்பியர் மணி என்றால் 2304. அந்த டீச்சர் வாங்கியிருக்க வேண்டியது அது. அவருக்குக் கொடுக்கப்பட்டது 1440.

எல்லோருக்கும் பெரிய பற்றரி தேவை என்று இதற்கு அர்த்தமில்லை. ஊருக்குள்ளேயே பாடசாலை, தனியாக நாளைக்கு 16 கிலோமீற்றர்தான் என்றால் செலவு 450 வாற்று மணிக்குள். 60 வோல்ற்று, 20 அம்பியர் மணி, அதாவது 1200, ஈய அமிலமாக இருந்தாலும் போதும். அவரிடம் போய் "பெருசா எடுங்க சேர்" என்று கூடிய விலைக்குத் தள்ளுவதும் அதே மோசடிதான்.

ஓடும் தூரத்தைக் கூட்ட வழி இருக்கிறது, மந்திரம் இல்லை. வேகத்தை 40இல் வையுங்கள், பத்து நிமிடம் முந்தி வெளிக்கிடுங்கள். ரயர் காற்றைக் கிழமைக்கு ஒருக்காப் பாருங்கள். பைக்கைத் தூக்கி நிறுத்திச் சில்லைக் கையால் சுற்றிப் பாருங்கள், பிரேக் உரசினால் பற்றரியைத் தின்னும். பாடசாலையில் மர நிழலில் விடுங்கள். வெயிலில் வந்த சூட்டோடு சார்ஜ் போடாமல், லுஹர் தொழுது சாப்பிட்டு எழும்பும் வரை ஆறவிடுங்கள்.

சார்ஜ் விடயத்தில் எல்லோரும் எல்லோருக்கும் ஒரே புத்தி சொல்கிறார்கள், அதுதான் ஆபத்து. ஈய அமிலத்தை ஓடியதும் அன்றைக்கே முழுதாக ஏற்ற வேண்டும், பாதியில் கிடக்கவிட்டால் செத்துவிடும். லித்தியத்தை நிறைய வைத்துச் சூட்டில் நாட்கணக்காகக் கிடக்கவிடுவதுதான் கெடுதி. 80, 90 வரை ஏற்றினால் அன்றாடத்துக்குப் போதும், எல்.எஃப்.பி. என்றால் இடைக்கிடை முழுதாக ஏற்றிவிடுங்கள். ஒன்றின் சார்ஜரை மற்றதற்குப் போடவே வேண்டாம். பிள்ளைகள் படுக்கிற அறையிலும், வெளியேறுகிற ஒரே வாசலிலும் இரவு சார்ஜ் போடவும் வேண்டாம்.

"பாடசாலையிலேயே சார்ஜ் போட்டால் பாதிப் பற்றரி போதுமே" என்று ஒரு சேர் சொன்னார். உண்மை. ஆனால் அந்தக் கரண்ட் பில்லை அதிபர் தன் சட்டைப் பையிலிருந்து கட்டுவதில்லை. அது பொதுச் சொத்து, அமானிதம். எழுத்தில் அனுமதி கேட்டு, அலகுக்குக் காசு கட்டிப் போடுவதென்றால் போடுங்கள். ஓய்வறை மூலையில் கள்ளமாகச் செருகிவிட்டு ஒழுக்கப் பாடம் நடத்த வேண்டாம்.

"நாங்க அப்பவே சொன்னோம், பெற்றோல்தான் நல்லம்" என்று சிரிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 36 கிலோமீற்றர், மாதத்துக்கு 20 நாள், மொத்தம் 720. லீற்றருக்கு 45 ஓடும் பைக்குக்கு 16 லீற்றர் பெற்றோல். எங்களுக்குச் சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து 30 அலகுக்குள் முடிகிறது. கவனிக்க வேண்டியது ஒன்று. மின் கட்டணம் 60, 90, 120, 180 என்று படி ஏறும். வீட்டுப் பாவனை 80 என்றால் இந்த 30 உங்களை மேல் படிக்கு ஏற்றும். அந்தப் படியின் விலையை வைத்துக் கணக்குப் பாருங்கள், அப்போதும் நாங்கள்தான் லாபம். எலக்ட்ரிக் பைக் நல்ல சாமான். நல்ல சாமானைப் பொய் சொல்லி விற்க என்ன தேவை?

கடை வைத்திருக்கும் எங்கள் சகோதரர்களிடம் நேராகவே கேட்கிறோம். நனைந்த தானியத்தை அடியில் போட்டு, காய்ந்ததை மேலே வைத்த வியாபாரியின் ஹதீஸ் உங்களுக்குத் தெரியும், ஜும்ஆவில் நாமெல்லோரும் சேர்ந்துதான் கேட்டோம். "100 கி.மீ." ஸ்டிக்கர் மேலே வைத்த காய்ந்த தானியம். கொம்பனி அனுப்பிய ஸ்டிக்கர் என்று சொல்லித் தப்ப முடியாது, ஒட்டி விற்பது நீங்கள். பைக்கில் ஐந்து விடயம் தமிழில் எழுதி வையுங்கள்: வோல்ற்று, அம்பியர் மணி, பற்றரியின் இனம், இருவர் 40 வேகத்தில் போனால் எத்தனை கிலோமீற்றர், புதுப் பற்றரி செட்டின் இன்றைய விலை. உத்தரவாதம் பற்றரிக்கு எத்தனை மாதம், எவ்வளவு தேய்ந்தால் மாற்றித் தருவீர்கள் என்பதை பில்லில் எழுதுங்கள். பைக் வாங்குபவரின் பேரில் பதிவாகுமா என்பதையும் காசு வாங்க முதல் சொல்லுங்கள்.

எங்கள் பக்கத்தில் நாங்கள் ஐந்து பேரும் முடிவெடுத்துவிட்டோம். இந்த ஐந்தையும் எழுதாத கடைக்கு இனி எங்கள் பாடசாலையிலிருந்து யாரையும் அனுப்ப மாட்டோம். புதிதாக வாங்குகிறவரோடு எங்களில் ஒருவர் கூடப் போவார், கையில் கல்குலேட்டரோடு. அந்த டீச்சரின் பைக்குக்கு இப்போது பெரிய பற்றரி போட முடியுமா, பெட்டியில் இடமும் கொன்ட்ரோலரும் தாங்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதுவரை அவர் பஸ்ஸில் வருகிறார். நேற்றுச் சிவப்புக் கோட்டுக்குக் கீழேதான் ஒப்பமிட்டார், ஏழு முப்பத்தெட்டுக்கு.

லீசிங் தவணை மட்டும் நேரத்துக்கு வந்துவிட்டது.

வாங்கப் போகிற டீச்சர்மார் யாராவது தெரிந்தால் இதை அனுப்பிவிடுங்கள். உங்கள் பைக்கின் வோல்ற்று, அம்பியர் மணி, ஒரு நாள் ஓட்டம் மூன்றையும் கீழே எழுதுங்கள், இருந்து கணக்குப் பார்த்துத் தருகிறோம். கலரைச் சொல்லத் தேவையில்லை.