பாசி சொல்லும் சாட்சி

சிலி நாட்டின் வட பகுதியிலே, பசிபிக் கடலோரத்திலே, சஞ்ஞரால் என்றோர் ஊர். மலைமேல் செம்புச் சுரங்கம், கீழே கடல். 1938-ஆம் ஆண்டு தொடங்கி, செம்பைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய கழிவுச் சேறு, ஆற்று வழியே கடலிலே கொட்டப்பட்டது. கொட்டத் தொடங்கியது அமெரிக்க முதலாளிகளின் கம்பெனி. 1971-இல் சுரங்கம் நாட்டுடைமையாயிற்று. உடைமையாளர் மாறினர், கொடுமை மாறிற்றா? இல்லை! ஊர் மக்கள் வழக்காடி, 1988-இல் தீர்ப்புப் பெற்ற பிறகே அது நின்றது. அதற்குள் கடலோரம் விழுங்கிய கழிவு இருபது கோடி டன்னுக்கும் மேல்!

கழிவு படிந்த பாறைகளில் பல உயிர்கள் மறைந்தன. தாக்குப்பிடித்து நின்ற சிலவற்றுள் ஒன்று, உல்வா கம்ப்ரெஸா எனும் பச்சைப் பாசி. பாசிதானே என்று ஏளனம் பேசுவர் சிலர். அந்தப் பாசியைத்தான் சிலி நாட்டு அறிவியலாளர் சான்றுக் கூண்டில் ஏற்றியிருக்கின்றனர்.

நச்சு நீர் வந்தால் மீன் விலகி ஓடும். பாறையைப் பற்றிய பாசி எங்கே ஓடும்? நின்று போராடுகிறது. செம்பு மிகும்போது அதன் மரபணுக்கள் சில விழித்தெழுகின்றன. செம்பைப் பிடித்துக் கட்டிப்போடும் மெட்டலோதயோனின் எனும் புரதத்தை ஆக்கு, நச்சின் விளைவைத் தணிக்கும் நொதிகளைப் பெருக்கு என்று ஆணை பிறக்கிறது. அந்த ஆணையைச் சுமந்து செல்லும் ஓலைதான் ஆர்.என்.ஏ. அதனை அளந்தால் பாசி படும் பாடு தெரியும். நீரைச் சோதித்தால் நஞ்சு எவ்வளவு என்பது தெரியும். மரபணுவைச் சோதித்தால் அந்த நஞ்சு உயிரை எவ்வளவு வாட்டுகிறது என்பது தெரியும் — பாசி மடிவதற்கு முன்பே!

ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. கடும் வெயிலும் வெப்பமுங்கூட இம்மரபணுக்களிலே சிலவற்றை எழுப்பிவிடும். ஆகவே, அதே பருவத்தில் தூய கரையிலே வளரும் பாசியோடு ஒப்பிட வேண்டும். நீர்ச் சோதனையும் உடன் நடக்க வேண்டும். ஒரு சாட்சியை மட்டும் வைத்து வழக்கை முடிப்பது நீதியாகாது.

ஆனால் சாட்சியே வேண்டாம் என்பது எந்த நீதி? செத்து ஒதுங்கிய மீனை எண்ணிக் கணக்கெழுதுவதா கண்காணிப்பு? அது பிணச் சோதனை! உயிரோடிருக்கும்போதே நாடி பார்க்கும் வழியை அறிவியல் காட்டிவிட்டது. நாடி பார்ப்பவர் கழிவு விடுவோரின் கைக்கு அடங்கியவராக இருத்தல் கூடாது. பார்த்த கணக்கு கரையோர மக்களின் கைக்கு வந்தாக வேண்டும். இவ்விரண்டையும்தான் நாம் கேட்கிறோம்.

ஐம்பது ஆண்டு கழித்துத் தீர்ப்புப் பெற்ற ஊர் ஒன்று போதும். பாசி பேசுகிறது, ஆள்வோர் செவி திறக்கட்டும்!