வேட்பாளர் இறந்தால் வாக்கு என்னாவது?

1956 மே 3ஆம் தேதி, சோல் நகரின் ஹான் ஆற்று மணல்வெளியில் தென்கொரிய எதிர்க்கட்சி வேட்பாளர் சின் இக்-ஹீயின் பேச்சைக் கேட்க லட்சக்கணக்கானோர் திரண்டனர். இரண்டே நாளில், பிரசாரத்துக்காக ரயிலில் போய்க்கொண்டிருந்தபோது அவர் உயிர் பிரிந்தது. அதிபர் தேர்தலுக்குப் பத்து நாள்தான் இருந்தது. வேட்புமனுக் கெடு முடிந்திருந்ததால் கட்சியால் வேறொருவரை நிறுத்த முடியவில்லை, தேர்தலும் தள்ளிப்போகவில்லை. மக்கள் பெருந்திரளாக இறந்தவருக்கே முத்திரை குத்தினார்கள். சுமார் 18 லட்சம் வாக்குச்சீட்டுகள் செல்லாதவையாயின. செல்லுபடியான வாக்குகளில் 70 சதவீதம் பெற்று சிங்மன் ரீ மீண்டும் அதிபரானார். ஆனால் அதே தேர்தலில் துணை அதிபராக மக்கள் தேர்ந்தெடுத்தது எதிர்க்கட்சியின் சாங் மியோனை! நாடு எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. 1960 தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு எதிர்க்கட்சி வேட்பாளர் சோ பியோங்-ஓக்கும் அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் இறந்தார். ரீக்கு எதிராக நிற்க ஆளே இல்லை.

இந்த அநீதிக்கு அமெரிக்கச் சட்டம் இன்றும் இடம் வைத்திருக்கிறது. 1933இல் ஏற்கப்பட்ட 20ஆவது திருத்தம், தேர்வான அதிபர் பதவியேற்குமுன் இறந்தால் யார் அதிபர் என்று சொல்கிறது. வாக்குப்பதிவுக்கு முன்பே வேட்பாளர் இறந்தால் சீட்டில் யார் பெயர் இருக்கும் என்று சொல்லவில்லை. 1872இல் தேர்தல் முடிந்து மூன்று வாரங்களில் அதிபர் வேட்பாளர் ஹோரஸ் கிரீலி இறந்தபோது, மக்கள் வாக்கின்படி அதிபரை முறையாகத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களில் அவருக்கு வாக்களிக்க வேண்டியவர்கள் பலவாறாகப் பிரிந்தார்கள். இறந்தவருக்கே விழுந்த மூன்று வாக்குகளை நாடாளுமன்றம் எண்ண மறுத்தது. தேர்வாளர்களை மாநிலங்கள் கட்டுப்படுத்தலாம் என்று 2020இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும், இறந்த வேட்பாளர் விஷயத்தை முடிவு செய்யாமல் ஒதுக்கிவைத்தது. கட்சிகளுக்கு உள்விதிகள் உண்டு என்கிறார்கள். குடியரசுக் கட்சியில் மாற்று வேட்பாளர் யார் என்ற முடிவை எடுக்கப்போவது 168 பேர் கொண்ட தேசியக் குழு. அச்சாகி, தபாலில் போய், கோடிக்கணக்கில் திரும்பிவந்துவிட்ட வாக்குச்சீட்டுகளை அந்த 168 பேரால் திருத்த முடியுமா? 2024 ஜூலையில் டொனால்ட் டிரம்ப்பின் காதை உரசிச் சென்ற தோட்டா அக்டோபர் கடைசியில் பாய்ந்திருந்தால், பதில் நீதிமன்ற வழக்குகளில்தான் தேடப்பட்டிருக்கும்.

தீர்வு சிக்கலானதல்ல. பிரான்ஸ் 1976இலேயே தன் அரசமைப்பில் எழுதிவிட்டது: முதல் சுற்றுக்கு முன் வேட்பாளர் ஒருவர் இறந்தால் தேர்தல் தள்ளிவைக்கப்படும். அமெரிக்காவும் பிரதான கட்சி வேட்பாளர் இறந்தால் மூன்று வாரம், அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை என்று சட்டம் இயற்ற வேண்டும். தேர்தல் நாளைக் குறிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்திடம் இருக்கிறது. டிசம்பர் நடுவில் தேர்வாளர்கள் கூடுமுன் எல்லாம் முடிந்துவிடும். தேதியைக் கொலைகாரன் கையில் கொடுப்பதாகாதா என்ற கேள்வி நியாயமானது. ஈக்வடாரைப் பாருங்கள். 2023 ஆகஸ்ட் 9 அன்று வேட்பாளர் பெர்னாண்டோ வில்லவிசென்சியோ சுட்டுக் கொல்லப்பட்டார். 20ஆம் தேதி தேர்தல் குறித்தபடி நடந்தது. சீட்டில் இருந்தது இறந்தவரின் படம். அதில் விழுந்த வாக்குகள் மாற்று வேட்பாளரின் கணக்கில் சேர்ந்தன. தேதி காப்பாற்றப்பட்டது, மாற்று வேட்பாளரை எடைபோட மக்களுக்கு அவகாசம்தான் கிடைக்கவில்லை. கொலைகாரனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? யாரோ ஒரு சுயேச்சை இறந்தாலும் தேர்தல் நிற்குமா என்ற அச்சத்துக்கு இந்தியா 1996இல் வழி கண்டது: அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளர் இறந்தால் மட்டுமே வாக்குப்பதிவு ஒத்திவைக்கப்படுகிறது. முன்கூட்டியே வாக்களித்தவர்கள் மறுபடி வாக்களிக்க வேண்டியிருக்கும் என்பது உண்மை. செலவும் அலைச்சலும் கூடும். அவர்கள் தேர்ந்தெடுத்தவரே இல்லை என்றான பிறகு அந்தச் சிரமத்தைத் தவிர்க்க வழியில்லை. அடுத்த வேட்பாளர்கள் யாரென்று தெரியுமுன் அமெரிக்க நாடாளுமன்றம் இந்தச் சட்டத்தை நிறைவேற்ற வேண்டும். பெயர்கள் தெரிந்துவிட்டால் ஒவ்வொரு விதியையும் அது யாருக்கு லாபம் என்றுதான் இரு கட்சிகளும் அளந்து பார்க்கும்.