சட்டம் உண்டு, உபாத்தியாயர் எங்கே?

உடற்குறையாலோ கற்றலில் நேரும் இடர்ப்பாட்டாலோ தனி உதவி வேண்டி நிற்கும் குழந்தைகளுக்குக் கல்வி அளிப்பது தருமமா, கடமையா என்னும் வினாவுக்கு நமது தேசத்தின் சட்டம் ஐயத்திற்கிடமின்றி விடை கூறிவிட்டது. 2016ஆம் வருஷத்தில் பார்லிமெண்டு இயற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரித்துள்ளது. பார்வையின்மை, செவிப்புலனின்மை என்பவற்றோடு, ஆட்டிஸமும், எழுத்தையும் ஒலியையும் இணைத்து வாசிக்க இயலாமற் செய்யும் கற்றல் குறைபாடும் அவற்றுள் அடங்கும். அச்சட்டத்தின் 31ஆவது பிரிவின்படி, நூற்றுக்கு 40க்குக் குறையாத ஊனமுடைய பிள்ளைகள், 6 வயது முதல் 18 வயது வரையில், அருகாமைப் பள்ளியிலேனும் தாம் விரும்பும் சிறப்புப் பள்ளியிலேனும் இலவசமாகக் கற்கும் உரிமை பெற்றிருக்கின்றனர். பெற்றோர் கேட்பது பிச்சையன்று, உரிமை.

ஆயினும், உரிமை ஏட்டில் இருப்பது வேறு. வகுப்பறையில் இருப்பது வேறு. பள்ளிக்கூடத்து வாயிலில் சாய்தளம் அமைத்துவிட்டோம், பதிவேட்டில் பெயரை எழுதிவிட்டோம் என்று அதிகாரிகள் திருப்தியடைகின்றனர். உள்ளே சென்ற பிள்ளையின் கதி என்ன? செவி கேளாத சிறுமிக்குச் சைகை மொழி அறிந்தவர் எவருமிலர். பார்வையற்ற சிறுவனுக்குப் பிரெயில் கற்பிப்பாரிலர். வாசிக்க முடியாமல் திணறும் பிள்ளையோ 'மக்கு' என்றும் 'சோம்பேறி' என்றும் பட்டம் பெற்றுக் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறான். பத்தாண்டுகள் ஒன்றும் கற்பிக்காமல் விட்டு, இறுதித் தேர்வில் மட்டும் அதிக நேரமும் சொல்வதை எழுத ஓர் ஆளும் தருவதால் அவனுக்கு என்ன லாபம்? அவன் சொல்வதற்குக் கல்வியன்றோ முதலில் வேண்டும்!

இக்குறை எதனால் நேர்ந்தது? அதற்கெனப் பயிற்சி பெற்ற உபாத்தியாயர் இல்லாமையே காரணம் என்பது நமது துணிபு. இதனைச் சுப்ரீம் கோர்ட்டும் உணர்ந்தது. 2021ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில், ரஜனீஷ் குமார் பாண்டே தொடுத்த வழக்கில் அளித்த தீர்ப்பில், சிறப்பு ஆசிரியர்களுக்கு நிரந்தரப் பதவிகள் ஏற்படுத்தி, 2022-23ஆம் கல்வியாண்டு தொடங்குமுன் அவற்றை நிரப்பும் வேலையை முடிக்க வேண்டுமென்று கட்டளையிட்டது. அடுத்த வருஷத்தில் மத்திய சர்க்கார், ஆரம்ப வகுப்புக்களில் இத்தகைய 10 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், மேல் வகுப்புக்களில் 15 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என விகிதம் வகுத்தனர். விளைவு யாது? 2025ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில், எத்தனை பதவிகள் தேவை என்பதைக் கணக்கிட்டு அறிவிக்குமாறு அதே கோர்ட்டு மாநிலங்களுக்கு மறுபடியும் உத்தரவிட வேண்டியதாயிற்று. நியமனம் இருக்கட்டும், கணக்கே முடியவில்லை!

பல பள்ளிகளுக்கு ஒருவர் சுற்றிவந்து கற்பிக்கலாம் என்று அத்தீர்ப்பு இடங்கொடுத்தது வாஸ்தவமே. ஆனால் ஆசிரியர் பற்றாக்குறை நீங்கும் வரைக்குமான தற்காலிக ஏற்பாடு அது. தற்காலிகத்தை நிரந்தரமாக்கிக்கொள்ளும் வித்தையில் நமது சர்க்கார்கள் கைதேர்ந்தவை. தமிழ்நாட்டிலேயே, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ்ச் சிறப்புப் பயிற்றுநர்கள் தொகுப்பூதியத்தில் வட்டார வள மையங்களிலிருந்து பள்ளிதோறும் அலைந்து வருகின்றனர். மத்திய சர்க்காருக்கும் மாநில சர்க்காருக்கும் கல்விக் கொள்கை பற்றி விவாதம் மூண்டு, 2024-25ஆம் ஆண்டில் அத்திட்டத்திற்குரிய 2,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தொகை நிறுத்தப்பட்டது. மதயானைகள் பொருத, மிதிபடுவது புல். ஆண்டுதோறும் வரும் மானியத்தை நம்பி நிற்கும் ஆசிரியரை நம்பி ஒரு குழந்தையின் வாழ்வு நிற்கலாமா?

செலவு அதிகமாகுமென்பர் சிலர். 2011ஆம் வருஷத்து ஜனக் கணக்கின்படியே இத்தேசத்தில் ஊனமுற்றோர் 2 கோடியே 68 லட்சம் பேர். இவர்களைக் கல்வியற்றவராய்ப் பிறர் கையை எதிர்பார்க்க விடுவது செலவன்றோ? இது நடவாத காரியமென்பாருக்கும் விடையுண்டு. பாளையங்கோட்டையில் 1897ஆம் வருஷத்திலேயே ஃபிளாரன்ஸ் ஸ்வைன்ஸன் அம்மையார் செவி கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி நிறுவிக் கற்பித்துக் காட்டினார். அயல்நாட்டு அம்மையார் ஒருவர் அந்நாளில் செய்ததைச் சுதந்திர தேசம் இந்நாளில் செய்ய இயலாதெனல் நாணத்தக்கது.

நாம் கோருவன மூன்று. பள்ளிவாரியாகத் தனி உதவி வேண்டும் பிள்ளைகளின் தொகையையும், தேவையான ஆசிரியர் தொகையையும் பகிரங்கமாக வெளியிடுக. அப்பதவிகளை மானியத் திட்டத்தினின்று நீக்கி, மாநிலத்தின் வழக்கமான வரவு-செலவுத் திட்டத்தில் நிரந்தரமாகச் சேர்த்து நிரப்புக. மற்றை ஆசிரியர் அனைவருக்கும் இப்பிள்ளைகளைக் கண்டறிந்து நடத்தும் பயிற்சியைக் கட்டாயமாக்குக.

சர்க்கார் தாமாக விழித்தெழுவர் என்று காத்திருத்தல் பேதைமை. தேச ஊழியத்தில் ஈடுபட்ட அன்பர்கள், தத்தம் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் கிராம சபையிலும் எழுந்து, 'நமது பள்ளியில் இத்தகைய பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுக்கு ஆசிரியர் யார்?' என்று கேட்பாராக. விடை கிடைக்கும்வரை கேட்பாராக. கேளாத உரிமை கிட்டியதாகச் சரித்திரம் இல்லை.