ரிப்போர்ட் நார்மல், ஆனா மூச்சு வாங்குதா? எடையையும் சேர்த்துப் பாருங்க

குமராட்சியில் இருந்து அப்பாவைச் சிதம்பரத்துக்கு டெஸ்ட்டுக்குக் கூட்டிப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாடி ஏறினால் மூச்சு வாங்குது. சாயங்காலம் கால் வீங்குது. 'என்டி-புரோபிஎன்பி' ரத்தப் பரிசோதனையில் 110 வருகிறது. 125-க்குக் கீழே என்றால் நார்மல். நிம்மதியாக வீடு திரும்பலாமா? அப்பாவின் எடை 100 கிலோ என்றால், அவசரப்பட வேண்டாம்.

அது என்ன டெஸ்ட்?

இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுபோவது அல்ல. உடலுக்குத் தேவையான அளவு ரத்தத்தை பம்ப் செய்யத் திணறுவது. அப்போது இதயச் சுவர் இழுபட்டு, இந்தப் புரதத்தை ரத்தத்தில் விடும். அளவு கூடினால் சந்தேகம் கூடும்.

எடைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

உடல் பருமன் உள்ளவர்களுக்கு இந்த அளவு இயல்பிலேயே குறைவு. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வு இதை 2004-லேயே காட்டியது. இதயம் திணறினாலும் ரிப்போர்ட் 'நார்மல்' எல்லைக்குள் நிற்கலாம்.

இதனால் ஐரோப்பிய இதய நிபுணர்கள் 2023-ல் ஒரு கணக்கு சொன்னார்கள். பிஎம்ஐ 30 முதல் 35 வரை என்றால் எல்லையை 25% குறைக்க வேண்டும். 35 முதல் 40 வரை 30%. அதற்கு மேல் 40%. அப்பாவின் உயரம் 170 செ.மீ. என்றால் பிஎம்ஐ சுமார் 34.6. அவருக்கான எல்லை 125 இல்லை, சுமார் 94. அந்த 110 இப்போது சந்தேகத்துக்குரிய எண்.

'குண்டா இருந்தா நல்லது' என்கிறார்களே?

இதயச் செயலிழப்பு வந்தவர்களில் பருமனானவர்கள் கூடுதல் காலம் வாழ்வதாகப் பழைய ஆய்வுகள் சில கூறின. 'பாரடைம்-எச்எஃப்' ஆய்வின் தரவுகளை 2023-ல் மறுபடி அலசியபோது அந்தச் சாதகம் நிற்கவில்லை. பிஎம்ஐ-க்குப் பதில் இடுப்பளவை உயரத்தோடு ஒப்பிட்டால், கொழுப்பு கூடக் கூட மருத்துவமனையில் சேரும் ஆபத்தும் கூடியது.

நமக்கு ஏன் முக்கியம்?

2019-21 தேசிய குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் பெண்களில் 40.4%, ஆண்களில் 37% பேர் அதிக எடை அல்லது பருமன் கொண்டவர்கள். நாட்டின் சராசரி 24%, 22.9%. இந்தக் குழப்பம் இங்கே நிறைய வீடுகளுக்குப் பொருந்தும்.

என்ன செய்யலாம்?

ரிப்போர்ட்டோடு உயரம், எடையையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அறிகுறி இருந்தால் 'எக்கோ தேவையா?' என்று கேளுங்கள். இடுப்பளவு உயரத்தில் பாதிக்குள் இருக்கட்டும். படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருந்தால், ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.