தார் வாங்கியாச்சு, ஜிம்னி வாங்கியாச்சு... கும்மிடிப்பூண்டி பக்கம் ஆஃப்ரோடு போகலாமா? கிளம்பும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

திருவள்ளூர் மாவட்டத்துக்கும் கரடுமுரடான வண்டிகளுக்கும் பழைய சொந்தம் உண்டு. மிட்சுபிஷி பஜேரோ ஸ்போர்ட் அசெம்பிள் ஆனது திருவள்ளூர் தொழிற்சாலையில்தான். இசுசு வி-கிராஸ் பிக்அப் தயாராகும் ஸ்ரீசிட்டி, கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் நுழைந்ததுமே வந்துவிடும். தேர்வாய்கண்டிகை சிப்காட்டில் மிஷெலின் நிறுவனம் டிரக், பஸ் டயர்கள் தயாரிக்கிறது. அர்ஜுன் டாங்கி உருவானது ஆவடியில். ஆனால் இதே மாவட்டத்தில், "புதுசா தார் வாங்கியிருக்கேன், சும்மா ஓட்டிப் பழக ஒரு இடம் சொல்லுங்க" என்று யாராவது கேட்டால் சட்டென்று கைகாட்ட ஓர் இடம் இல்லை.

அதனால் என்ன நடக்கிறது? சனி, ஞாயிறு வந்தால் வண்டி ஆற்று மணலில் இறங்குகிறது. இல்லையென்றால் வற்றிய ஏரிக்குள், அதுவும் இல்லையென்றால் பழவேற்காட்டுக் கரையில். ஒரு ரீல் எடுத்துப் போட்டுவிட்டு வந்தால் கதை முடிந்தது என்று நினைக்கிறார்கள். பல நேரம் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

2023 டிசம்பரில் இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் ஸ்பிதி மாவட்டத்தில், டிராஃபிக் ஜாமில் நிற்கப் பொறுக்காமல் ஒருவர் தாரை சந்திரா ஆற்றுக்குள்ளேயே இறக்கி ஓட்டினார். வீடியோ வைரலானதும் போலீஸ் அபராதம் போட்டது. 2024 ஜூனில் குஜராத்தின் முந்த்ரா கடற்கரையில் ரீலுக்காக இரண்டு தார்கள் கடலுக்குள் போய் மாட்டிக்கொண்டன. ஊர்க்காரர்கள்தான் இழுத்துப் போட்டார்கள், ஓட்டியவர்கள் மேல் வழக்கு பாய்ந்தது. இரண்டு இடத்திலும் வண்டியில் குறை இல்லை. இடம்தான் தப்பு.

உங்க வண்டி நிஜமாவே ஃபோர் பை ஃபோரா?

கேட்டால் கோபம் வரும், ஆனால் கேட்டே ஆக வேண்டிய கேள்வி. 2023 ஜனவரி முதல் தார் பின்சக்கர டிரைவ் மாடலாகவும் விற்கப்படுகிறது. தார் ராக்ஸிலும் அந்த மாடல் உண்டு. வெளித்தோற்றத்தில் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் மணலில் இறங்கினால் வித்தியாசம் இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும். பின்சக்கரம் இரண்டும் சுற்றிச் சுற்றிக் குழி தோண்டும், முன்சக்கரம் வேடிக்கை பார்க்கும். உயரமாக இருக்கிற எல்லா எஸ்யூவியும் ஆஃப்ரோடு வண்டி கிடையாது.

ஃபோர் பை ஃபோர் இருந்தாலும் அதன் லீவரை எப்போது தொட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். 'ஃபோர் ஹை' என்பது மண் பாதை, சரளை, லேசான சேறு மாதிரியான இடங்களுக்கு. 'ஃபோர் லோ' என்பது நடை வேகத்தில், நிறைய இழுவை தேவைப்படும் இடத்துக்கு: செங்குத்தான ஏற்றம், இறக்கம், ஆழமான மணல். ஃபோர் லோவுக்கு மாற்ற வண்டியை நிறுத்திவிட்டு மாற்றுவதே நல்லது. தார், ஜிம்னி இரண்டிலும் இருப்பது பார்ட்-டைம் சிஸ்டம். காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் பை ஃபோரைப் போட்டு ஓட்டினால், திருப்பும்போது முன், பின் சக்கரங்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி கியர் அமைப்பே கெட்டுப்போகும். மண் பாதை முடிந்து தார்ச்சாலை ஏறியதும் மறக்காமல் இரண்டு சக்கர டிரைவுக்கு மாறிடுங்க.

'சும்மா கிடக்கிற பொட்டல்' யாருடையது?

சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு உத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டி பக்கத்து வெளிகள் எல்லாம் ஆளில்லாத நிலமாகத் தெரியும். ஊர்க்காரர்களிடம் கேட்டால் ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் சொல்வார்கள். ஒன்று மேய்க்கால் புறம்போக்கு, ஒன்று ஏரி உள்வாய், ஒன்று காப்புக்காடு, ஒன்று பட்டா. தேர்வாய்கண்டிகையில் சிப்காட் வந்தபோது ஊர் மக்கள் போராடியதே, அரசுக் கணக்கில் காலியாகத் தெரிந்த அந்த நிலம் தங்கள் ஆடுமாடுகளின் மேய்ச்சல் நிலம் என்பதற்காகத்தான். அந்த வட்டாரத்தில் வெளியூர் வண்டி ஒன்று நிலத்துக்குள் புகுந்து வட்டமடித்தால் யாரும் கைதட்ட மாட்டார்கள்.

காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவது 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றத்துக்குப் போனவர்கள் 23 பேர் இறந்த பிறகு, நடந்து போவதற்கே விதிகள் இறுகிவிட்டன. 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 பாதைகளில் பூண்டி பக்கத்துக் குடியம் குகைப் பாதையும் ஒன்று. ஆனால் அது முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு, காலால் நடந்து போக. வண்டிக்கு அங்கே வேலை இல்லை. கோடையில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஓடி நின்ற வண்டியின் சைலன்சர் பகுதி கொதித்துக்கொண்டிருக்கும். காய்ந்த புல் மேல் நிறுத்தினால் தீப்பிடிக்க அதுவே போதும்.

ஏரிகளில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது கரை. மண்ணால் போட்ட கரை மேல் வண்டியை ஏற்றி இறக்கும் 'ஸ்டன்ட்' ரீல்கள் நிறைய வருகின்றன. டயர் அறுத்த அந்தத் தடத்தில்தான் வடகிழக்குப் பருவமழை முதலில் ஓடையாக இறங்கும். கரை உடைந்தால் போவது கீழே இருக்கிறவரின் நெல்.

சரி, அப்போ எங்கதான் போறது? நேர்மையான பதில்: உரிமையாளர் ஒப்புதல் தந்த பட்டா நிலம், அல்லது ஊர்களை இணைக்கும் பொதுவான மண் பாதை. தெரிந்தவர் தோட்டம், சவுக்குத் தோப்பு ஓரத்து வண்டிப் பாதை, அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கும் நிலம், இவை ஆரம்பிக்கிறவருக்குத் தாராளம். அதுவும் நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு, ஒன்றிரண்டு வண்டியோடு. பட்டா நிலம் என்றாலே பத்து வண்டி சேர்ந்து போட்டி நடத்தலாம் என்று அர்த்தமில்லை. 2022 மே மாதம் கேரளத்தின் வாகமண்ணில் தனியார் எஸ்டேட் ஒன்றில் அனுமதியில்லாமல் நடந்த ஆஃப்ரோடு நிகழ்ச்சியில் ஓட்டிய பிரபல மலையாள நடிகருக்கே 5,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. முறையாகக் கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு நாசிக் அருகே இகத்புரியில் மஹிந்திராவின் ஆஃப்ரோடு பயிற்சி மையம் இருக்கிறது. தூரம்தான், ஆனால் ஒரு கியர்பாக்ஸ் செலவோடு ஒப்பிட்டால் டிக்கெட் காசு பெரிசில்லை.

ஆரணி ஆறு: மேலே மணல், கீழே குழி

ஆந்திராவிலிருந்து வரும் ஆரணி ஆறு உத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி வழியாகப் போய் பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. வருடத்தில் பல மாதம் வெறும் மணலாகக் கிடப்பதால் வண்டி இறக்கச் சொல்லி ஆசை காட்டும். இங்கே இரண்டு ஆபத்து. முதலாவது, மணல் அள்ளிய பழைய குழிகள். மேலே தண்ணீர் தேங்கி, ஓரம் சரிந்து, பார்வைக்கு முழங்கால் ஆழம் மாதிரி இருக்கும். இரண்டாவது, மேலே ஆந்திராவில் இருக்கும் பிச்சாட்டூர் அணை. மழைக்காலத்தில் அங்கே உபரிநீர் திறந்தால், இங்கே ஒரு சொட்டு மழை இல்லாவிட்டாலும் ஆற்றில் வெள்ளம் வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கரையோர மக்களுக்கு மாவட்ட நிர்வாகம் வெள்ள எச்சரிக்கை விடுப்பது இதனால்தான். கொசஸ்தலை ஆற்றுக்குப் பூண்டி நீர்த்தேக்கத் திறப்பும் அப்படியே. அந்த மாதங்களில் ஆற்றுப் படுகையை மறந்துவிடுங்க.

தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால்? தாரின் நீரில் இறங்கும் திறன் 650 மில்லிமீட்டர், கூர்க்காவுக்கு 700 என்று கம்பெனி சொல்கிறது. அது நிற்கும் தண்ணீருக்கான கணக்கு. ஓடும் தண்ணீர் அதைவிடக் குறைந்த ஆழத்திலேயே வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகும். தேங்கிய தண்ணீர் என்றால் முதலில் ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு ஆள் நடந்து பார்க்க வேண்டும். ஆள் நடக்கத் தயங்கும் இடத்தில் வண்டிக்கும் வேலை இல்லை. தண்ணீருக்குள் இன்ஜின் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. உள்ளே போன தண்ணீரை பிஸ்டன் அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற தனி கவர் எடுக்காத இன்சூரன்ஸில் அந்தச் செலவு பொதுவாகக் கிடைக்காது. போட்டி, வேகச் சோதனை மாதிரியான பயன்பாட்டையும் வழக்கமான மோட்டார் பாலிசி ஏற்பதில்லை. மாட்டிய வண்டியின் ரீலை நீங்களே பதிவு போட்டால், க்ளெய்ம் நேரத்தில் அது யாருக்குச் சாட்சியாகும் என்று யோசிச்சுக்கங்க.

பழவேற்காடு வேண்டவே வேண்டாம்

சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. தமிழகப் பகுதி பறவைகள் சரணாலயம், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 அங்கே பொருந்தும். கோடையில் ஏரியின் ஓரங்கள் வற்றி, வெடித்த தரையாகக் காயும். பார்க்க ரன்வே மாதிரி இருக்கும். மேலே ஓர் ஓடு போலக் காய்ந்த மண், அடியில் உளை. ஓடு உடைந்தால் வண்டி அச்சு வரை இறங்கும். அதை இழுக்க வரும் டிராக்டரும் கூடவே இறங்கும். கடற்கரைப் பக்கம் போனால் மீனவர்களின் வலைகள் மணலில் காய்கின்றன. ஜனவரி முதல் மார்ச் வரை ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிடும் காலமும்கூட. புதைத்த முட்டை மேலே இருந்து கண்ணுக்குத் தெரியாது.

டயர் காத்துதான் பாதி வித்தை

இனி ஓட்டும் விஷயம். புதிதாக வருபவர்கள் வின்ச், ஸ்நார்கெல், கூரை விளக்கு என்று பணத்தைக் கொட்டுகிறார்கள். முதலில் வாங்க வேண்டியது ஒரு பிரஷர் கேஜும், வண்டி பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரஸரும். (முன்னால் இரும்பு 'புல் பார்' மாட்டுவதற்கு 2017-லேயே மத்திய அரசு தடை போட்டுவிட்டது.) சாலையில் 30 பி.எஸ்.ஐ. பக்கத்தில் இருக்கும் டயரை மணலில் 18 முதல் 20 வரை இறக்கினால், டயர் தட்டையாகப் பரவி மணல் மேல் மிதந்து போகும். 15-க்குக் கீழே ஆரம்பத்தில் போக வேண்டாம், திருப்பும்போது ரிம்மிலிருந்து டயர் கழன்றுவிடும்.

மணலில் ஒரே சீரான வேகம் வேண்டும். சடாரென்று பிரேக் பிடித்தால் டயருக்கு முன்னால் மணல் மேடாகக் குவியும், அதையே ஏற முடியாது. சக்கரம் சுழல ஆரம்பித்ததும் ஆக்ஸிலரேட்டரை விடுங்க. மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமாகும். வந்த தடத்திலேயே ரிவர்ஸ் எடுத்தால் பாதி நேரம் வெளியே வந்துவிடலாம். ஏரி மண், களிமண்ணில் கதை வேறு. டயர் பள்ளங்களில் களி அடைத்து டயர் வழுவழுவென்று ஆகிவிடும். மழை பெய்த மறுநாள் களிமண் பாதையில் போகாமல் இருப்பதுதான் சிறந்த டெக்னிக்.

மேட்டில் ஏறும்போது நேராக ஏறணும், நேராக இறங்கணும். குறுக்காகப் போனால் உருளும். பாதியில் ஏற முடியாமல் நின்றுவிட்டால் அங்கே திருப்ப முயற்சிக்கவே கூடாது. ரிவர்ஸ் கியரில் போட்டு வந்த வழியே நேராகக் கீழே வாங்க. இறக்கத்தில் ஃபோர் லோ, முதல் கியர், கால் கிளட்சில் இருக்கக் கூடாது. நியூட்ரல் என்ற வார்த்தையையே மறந்துடுங்க. ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது கட்டை விரல் வளையத்துக்கு உள்ளே போகக் கூடாது. சக்கரம் கல்லில் மோதி ஸ்டியரிங் சுழன்றால் விரலைத்தான் முதலில் பிடிக்கும். சீட் பெல்ட் கட்டாயம், பின் சீட்டில் இருப்பவருக்கும். கூரையைத் திறந்து நின்றுகொண்டு போகும் பழக்கத்தைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

மாட்டிக்கிட்டா?

தனி வண்டியாகப் போகாதீங்க என்பது முதல் விதி. மாட்டிய வண்டியை இழுக்கும்போது நடக்கும் விபத்துகள்தான் ரொம்பக் கொடூரமானவை. கடையில் கிடைத்த நைலான் கயிறு, லாரியில் தார்ப்பாய் கட்டும் கயிறு, துருப்பிடித்த சங்கிலி, எதுவும் ஆகாது. கேரவன் இழுக்கும் டோ பாலில் கயிற்றை மாட்டவும் கூடாது. இழுவையில் அது பிய்ந்தால் பீரங்கிக் குண்டு மாதிரி பின்னால் இருக்கும் வண்டியின் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு போகும். கம்பெனி கொடுத்த இழுவைக் கொக்கி, அதற்கேற்ற ஷேக்கிள், இழுபடும்போது கொஞ்சம் நீளும் ரெக்கவரி கயிறு, இவை மூன்றும் இருக்கணும். கயிற்றின் நடுவில் ஒரு கனமான ஈரத் துணியைப் போடுங்க, அறுந்தாலும் துள்ளும் வேகம் குறையும். ஓட்டுநர்கள் தவிர மற்றவர்கள் கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நிற்கணும். குறிப்பாக வீடியோ எடுப்பவர்.

ஆனால் அதற்கு முன்னால் மண்வெட்டி. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மணலை வெட்டி, காத்தை இன்னும் இரண்டு புள்ளி இறக்கினாலே பெரும்பாலும் கயிறு தேவைப்படாது. அரை மணி நேர வேலை. திருத்தணி வெயில் 40 டிகிரியைத் தாண்டும் மாவட்டம் இது, தண்ணீர் கேன் நிறைய வெச்சுக்கங்க.

திரும்பி வரும் வழி

பலர் கோட்டை விடுவது இங்கேதான். 18 பி.எஸ்.ஐ. டயரோடு அப்படியே சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஏறி, சிப்காட் டிரெய்லர்களுக்கு நடுவே 90-ல் பறப்பார்கள். காத்து குறைந்த டயரின் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும். மண் பாதை முடியும் இடத்திலேயே நிறுத்தி, நாலு டயருக்கும் காத்து ஏற்றிவிட்டுத்தான் தார்ச்சாலை. ரிம்முக்குள் ஒட்டிய களியைத் தட்டி விடணும், இல்லையென்றால் 80-ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் உதறும். சேற்றில் இறங்கியிருந்தால் பிரேக்கை நாலைந்து முறை மெதுவாக மிதித்துக் காயவைக்கணும். நம்பர் பிளேட்டையும் துடைச்சிடுங்க. சேறு மூடிய பிளேட்டைப் பார்த்தால் போலீஸ் கட்டாயம் நிறுத்துவாங்க.