வானத்துத் தூரமும் வாயிற்படித் தூரமும்

ஓர் ஊருக்கு எத்துணைத் தூரம் என்று வினவினால் முற்காலத்தார் காதக்கணக்குச் சொல்லினர். இக்காலத்தார் மணிக்கணக்குச் சொல்கின்றனர். ஆகாய விமானத்தால் உலகம் சுருங்கிற்று என்பதும் பலர் வாயிலும் வழங்கும் வார்த்தையாயிற்று. யாருக்குச் சுருங்கிற்று என்று ஆராய்வதே யாம் இங்கு மேற்கொண்டது.

2021ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஏர் இந்தியா விமானமொன்று அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவினின்று புறப்பட்டு, இடையில் எங்கும் இறங்காது பெங்களூரை அடைந்தது. அதனைச் செலுத்திய விமானிகள் அனைவரும் பெண்மணிகள். கடந்த தூரம் ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். சென்ற நேரம் ஏறத்தாழ 17 மணி. தேசப்படத்தை மட்டும் நோக்குவோர், அவ்வழி பசிபிக் மாகடலைக் குறுக்கே கடப்பதென எண்ணுவர். பூகோள உருண்டையின்மீது இரு நகரங்களுக்குமிடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது வடதுருவத்தை அடுத்துச் செல்லக் காணலாம். விமானமும் அவ்வழியே வந்தது. மானிட அறிவின் வெற்றிகளுள் இஃதொன்று என்பதில் ஐயமில்லை.

நிற்க. அத்தகைய விமானத்தில் வந்திறங்குவோன் ஒருவன் ஊத்தங்கரையை அடுத்த சாமல்பட்டியைச் சேர்ந்தவன் எனக் கொள்வோம். தேவனஹள்ளி விமான நிலையத்தினின்று பெங்களூர் நகரைக் கடந்து, ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக அவன் ஊர் சேரவேண்டும். தூரம் 200 கிலோமீட்டருக்குள்ளேயே அடங்கும். ஆயினும் பெட்டிக்குக் காத்து, நகரத்து நெரிசலில் நின்று, பஸ் மாறி வீடு சேர ஆறு மணி நேரமாயினும் வியப்பில்லை. எழுபதில் ஒரு பங்குத் தூரத்துக்கு மூன்றில் ஒரு பங்கு நேரம்! தாயின் முகத்தை இறுதியாக ஒருமுறை காண விரைந்து வருவோனுக்கு இது வெறுங்கணக்கன்று. துருவத்தைக் கடந்தவன் சாலையில் நின்றுவிட்டால், அடக்கம் முடிந்த பின்னரே வாயிற்படி மிதிப்பான்.

ஓசூரில் 2,000 ஏக்கர் பரப்பில், ஆண்டுக்கு மூன்று கோடிப் பயணிகளுக்கேற்ற விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூன் மாதத்தில் தமிழக அரசு சட்டமன்றத்தில் அறிவித்தது. பெங்களூர் நிலையத்தின் உடன்படிக்கையோ, 2008இல் அது திறக்கப்பட்டது முதல் 25 ஆண்டுகள்வரை, 150 கிலோமீட்டருக்குள் வேறு பன்னாட்டு நிலையம் எழுவதைத் தடுக்கின்றது. மைசூருக்கும் ஹாசனுக்கும் மட்டும் விலக்குண்டு. இரு நிலையங்களுக்கும் இடையே உள்ள தூரத்தைப்பற்றி வாதிப்போர் பலர். நிலையத்துக்கும் குடியானவன் வாயிற்படிக்கும் உள்ள தூரத்தைப்பற்றிப் பேசுவோர் அரியர்.

ஓசூரில் நிலையம் எழுதலை யாம் மறுக்கவில்லை. ஆனால் சாமல்பட்டியில் புகைவண்டி நிலையம் இருந்தும், அங்கிருந்து ஓசூருக்கு நேர்வழி இருப்புப்பாதை இல்லை. மாவட்டத் தலைநகராகிய கிருஷ்ணகிரிக்கே இன்று புகைவண்டி கிடையாது. இதே சேலம் மார்க்கத்திலுள்ள மொரப்பூரினின்று, தருமபுரி வழியாக ஓசூர்வரை முன்னாளில் ஒரு சிறிய இருப்புப்பாதை இருந்தது. 1941இல் அது மூடப்பட்டது. முன்னோர்க்கு இருந்த வசதி நமக்கில்லை. ஓடுபாதைக்கு நிலம் அளக்குமுன், இருப்புப்பாதைக்கு நிலம் அளத்தலே முறை. அன்றேல் புதிய நிலையமும் அருகிலிருந்தும் எட்டாத நிலையமாகவே முடியும்.

அயல்நாடுகளில் வாழும் பழைய மாணவ அன்பர்காள்! நுமது பயணச்சீட்டு வானத்து நேரத்தை மட்டுமே காட்டும். நும் அன்னையார் கணக்கிடுவதோ, நீவிர் புறப்பட்ட கதவு முதல் தாம் காத்திருக்கும் கதவு வரையிலான நேரத்தை. அரசினரும் அக்கணக்கையே கைக்கொள்வாராக.