கருப்பு விட்டது யாரை?

தேவிகுளம் தாலுகாவின் தேயிலைத் தோட்டங்களுக்கு வேலை தேடி மலையேறிய தமிழர்கள், சட்டி பானையோடு சாமிகளையும் கொண்டு போனார்கள். லயங்களுக்குப் பக்கத்தில் மாரியம்மன். காவலுக்குக் கருப்பசாமி, முனியாண்டி. 1956இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தாலுகா கேரளத்துக்குப் போனது. சாமிகள் நகரவில்லை. அரசாங்கத்தின் எல்லை வேறு, கருப்பசாமியின் எல்லை வேறு.

அந்தக் காவல் தெய்வத்தையே சந்தேகப் பட்டியலில் சேர்த்தது 1990களில் சன் டிவியில் வந்த ஒரு தொடர். 'மர்மதேசம்' வரிசையின் 'விடாது கருப்பு'. எழுதியவர் 2024 நவம்பரில் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன். இயக்கம் நாகா. தயாரிப்பு கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள்.

கிராமத்தில் தப்புச் செய்தவர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். கருப்பு தண்டித்துவிட்டது என்று ஊர் தீர்ப்பெழுதி விடுகிறது. செத்தவர்கள் யோக்கியர்கள் அல்ல என்பதால் துருவிப் பார்க்க யாருக்கும் அவசரமில்லை. கடைசியில் அவிழும் முடிச்சு: கருப்பாக வந்தது ராஜேந்திரன் என்ற இளைஞன். அவன் அறியாமலே அவனுக்குள் இன்னோர் ஆள் குடியிருக்கிறான். வந்தது அருள் அல்ல, மனநோய்.

பகுத்தறிவு வென்றது என்று இதற்குக் கைதட்டினவர்கள் உண்டு. சாமியை அவமதித்துவிட்டார்கள் என்று முணுமுணுத்தவர்களும் இருந்திருக்கலாம். விஷயம் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

கருப்பசாமி வழிபாட்டில் மன்னிப்புக்கும் வழி உண்டு. அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பன் சன்னதியின் மூடிய கதவு முன்னால் நின்று பொய்ச் சத்தியம் செய்ய இன்றும் ஆட்கள் தயங்குவார்கள். தவறியவன் தப்பை ஒப்புக்கொண்டு, எடுத்ததைத் திருப்பிக் கொடுத்து, காணிக்கை கட்டினால் கருப்பு விட்டுவிடும் என்பது நம்பிக்கை. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை: செய்தது என்னவென்று செய்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ராஜேந்திரனுக்குத் தெரியாது. தெரியாத பாவத்துக்கு அவன் எந்தச் சன்னதியில் மன்னிப்புக் கேட்பான்? அவனுக்கு விமோசனம் மருத்துவரிடம்தான்.

இது வெறும் கதைக்குரிய கேள்வியல்ல. தொடர் முடிந்து சில ஆண்டுகளில், 2001 ஆகஸ்ட் 6 அன்று, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். தர்காவின் அருளால் குணமாகும் என்று நம்பி உறவினர்கள் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்களில் பலர். நம்பிக்கை அவர்களைக் கொல்லவில்லை. நம்பிக்கை இருக்கிறதே, மருந்து எதற்கு என்ற அலட்சியமும், அதில் காசு பார்த்தவர்களின் சங்கிலியும் கொன்றன.

பின்னாளில் குஜராத்தின் மீரா தாதார் தர்காவில் 'தவா-துவா' என்ற ஏற்பாடு வந்தது. தவா என்றால் மருந்து, துவா என்றால் பிரார்த்தனை. தர்காவுக்கு வருகிறவர் அங்கேயே மனநல மருத்துவரையும் பார்க்கலாம். ஏர்வாடிக்கும் அந்த வழி வந்தது. யாரையும் சாமியை விடச் சொல்லவில்லை. சங்கிலியை மட்டும் விடச் சொன்னார்கள்.

தொடர் செய்ததும் ஏறக்குறைய அதுதான். கொலைப்பழியிலிருந்து கருப்பசாமியை விடுவித்தது, சாமி என்ற பட்டத்திலிருந்து நோயாளியை விடுவித்தது. எல்லையில் காவல் நிற்கும் தெய்வத்துக்கு அதில் எந்த இழுக்கும் இல்லை. வைத்தியம் பார்க்கிறேன் என்று கருப்பு எப்போதும் சொன்னதில்லை.